தெளிவும் துணிவும்

வார்சா நகரத்துப் பல்கலைக்கழகம். 1937 அக்டோபர். விரிவுரைக் கூடத்திலே பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. ஆனால், சுவரோரமாக மாணவர் சிலர் நிற்கின்றனர். நின்றபடியே பாடம் கேட்கின்றனர், நின்றபடியே குறிப்பெடுக்கின்றனர். கால் கடுக்கிறது, ஆயினும் அமர மறுக்கின்றனர்.

அமர்வதற்கு இடமில்லையா? இருக்கிறது. அந்த இடத்திலேதான் இழிவும் இருக்கிறது! கூடத்தின் இடப்பக்கத்துப் பெஞ்சுகளிலே மட்டுந்தான் யூத மாணவர் உட்காரவேண்டும், மற்றவரோடு கலந்து உட்காரக்கூடாது என்று பல்கலைக்கழகத் தலைவர் ஆணையிட்டிருக்கிறார். அவ்வாறு ஆணையிடலாம் என்று கல்வி அமைச்சர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். நீ படிக்கலாம், கட்டணம் கட்டலாம், பட்டமும் பெறலாம். ஆனால் என் பக்கத்தில் மட்டும் உட்காராதே! ஆணையின் பொருள் இதுதான். ஒதுக்கிவைத்த பெஞ்சிலே உட்காருவதைவிட ஒதுங்கி நின்றே படிப்போம் என்றனர் அந்த மாணவர். அவர்கள் நிற்கக் கண்டு, தாமும் உட்கார மாட்டோம் என்று கூடவே நின்ற போலந்து இளைஞரும் சிலர் உண்டு.

இந்தக் காட்சியின் கசப்பை விளக்க, தோழர்களே, உங்களிடம் நான் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. எனக்கு வியப்பளிப்பது ஆணை அன்று. அது பிறந்த இடம்! காடும் மேடும் சூழ்ந்த ஏதோ ஒரு குக்கிராமத்திலே, எழுத்தறியாத கூட்டம் எடுத்த முடிவன்று அது. மனிதன் எப்படிச் சிந்திக்கிறான், எப்படிச் சிந்தித்தால் பிழை வராது என்பதை உலகிலேயே மிக நுட்பமாக ஆராய்ந்துகொண்டிருந்த இடங்களில் ஒன்று அந்தப் பல்கலைக்கழகம். தர்க்கவியலின் வரலாற்றை எழுதுகிறவர் எவரும் வார்சாவைத் தாண்டிப் போக முடியாது. அத்தகைய இடத்திலே அந்தப் பெஞ்சுகள்!

அறிவு வளர வளர அநீதி தேயும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். நானும் பேசியவன்தான். அப்படியானால் வார்சாவுக்கு என்ன விடை சொல்லப்போகிறோம்? தெளிவாகச் சிந்திக்கக் கற்றவன் நேர்மையாகவும் நடப்பான் என்பதற்கு உறுதி உண்டா? அந்தப் பல்கலைக்கழகத்துத் தத்துவத் துறையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

வரலாற்றின் முற்பகுதி சோகமானது, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1816-இல் தோன்றிய பல்கலைக்கழகம் அது. ரஷியப் பேரரசை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி தோற்றதும் 1831-இல் மூடப்பட்டது. 1869-இலிருந்து அங்கே ரஷிய மொழிதான் பாடமொழி. போலந்து மண்ணிலே போலந்து மொழிக்கு வகுப்பறையில் இடமில்லை. 1915-இல் ரஷியப் படை வெளியேறி ஜெர்மன் படை உள்ளே நுழைந்த பிறகே, போலந்து மொழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகமாக அது மீண்டும் திறந்தது. ஆளும் அரசு மாறியதால் அல்லவோ மொழிக்கு வாழ்வு வந்தது!

ஆனால், தத்துவத்தின் விதை வேறோர் ஊரிலே முன்பே முளைத்திருந்தது. ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த லுவோவ் நகரிலே (இன்று அது உக்ரைன் நாட்டின் லிவிவ்) போலந்து மொழியில் பாடம் நடத்தத் தடையில்லை. 1895-இல் வியன்னாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்தார் காசிமிர் துவார்தோவ்ஸ்கி. வயது இருபத்தொன்பது. பெரிய தத்துவ மாளிகை எதையும் அவர் கட்டவில்லை. ‘இதுவே உண்மை, இதை நம்புங்கள்’ என்று மாணவரிடம் அவர் சொன்னதில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நீ சொல்வதற்கு என்ன பொருள்?

எளிய கேள்வியாகத் தோன்றுகிறது, இல்லையா? கேட்டுப் பாருங்கள்! உயர்ந்த பீடத்தில் அமர்ந்து உருண்டு திரண்ட சொற்களை உருட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்! புரியாத எழுத்தைக் கண்டதும், ‘ஆகா, எவ்வளவு ஆழம்!’ என்று வாய்பிளப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஒரு சிறு கட்டுரையிலே துவார்தோவ்ஸ்கி அந்த மயக்கத்தை உடைத்தார். தெளிவாக எழுத முடியாதவர் தெளிவாகச் சிந்திக்கவும் இல்லை. அவருடைய மனத்திலே என்ன இருக்கிறது என்று துருவித் துருவித் தேடி வாசகன் ஏன் வருந்தவேண்டும் என்றார். இருளை ஆழம் என்று எண்ணி ஏமாறாதே என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ?

அவரிடம் பயின்றவர்களிலே நம்பிக்கையாளரும் இருந்தனர், நாத்திகரும் இருந்தனர், தேசியவாதிகளும் இருந்தனர், சமதர்மத்தின் பக்கம் சாய்ந்தவரும் இருந்தனர், பெண்களும் இருந்தனர். ஒரு கொள்கையால் சேர்ந்த கூட்டமன்று அது. ஒரு முறையால் சேர்ந்த கூட்டம். அதுதான் அதன் பெருமை. பின்னால் வந்த இடரும் அங்கிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1915-இல் வார்சாவின் கதவு திறந்ததும் துவார்தோவ்ஸ்கியின் மாணவர் அங்கே சென்றனர். முதலில் சென்றவர் யான் வுகாசேவிச். ஒரு கூற்று மெய்யாக இருக்கும், அல்லது பொய்யாக இருக்கும்; மூன்றாவது கிடையாது என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வழங்கிவரும் முடிவு. வுகாசேவிச் கேட்டார்: அடுத்த ஆண்டு இன்ன நாள் நண்பகலிலே நான் வார்சாவில் இருப்பேன் என்கிறேனே, அது இன்றைக்கு மெய்யா, பொய்யா? இன்றைக்கே மெய் என்றால், நான் போவது இன்றைக்கே முடிவாகிவிட்டது. என் விருப்பத்துக்கு அங்கே வேலையில்லை. இன்றைக்கே பொய் என்றால், போகவே முடியாது. அப்போதும் என் விருப்பத்துக்கு வேலையில்லை. தலையிலே எழுதிவைத்த எழுத்து என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்குத் தர்க்கம் தரும் ஆடை இதுதான்! ஆகவே மெய்யும் அல்லாத, பொய்யும் அல்லாத மூன்றாவது மதிப்பு ஒன்று வேண்டும் என்று சொல்லி, 1920-இல் மும்மதிப்புத் தர்க்கத்தை வெளியிட்டார். மனிதனுடைய ஆக்க வேலையைக் கட்டிப்போடும் எல்லா வற்புறுத்தலோடும் தாம் ஓர் அறிவுப் போர் தொடுத்திருப்பதாக 1918-இல் தம் மாணவரிடம் அவர் கூறியிருந்தார். விதியின் கழுத்தைப் பிடிக்கத் தர்க்கக் குறிகளோடு புறப்பட்ட மனிதர்!

இனி இருவரைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். ஸ்தனிஸ்வாவ் லெஸ்னியெவ்ஸ்கி, ததேயுஷ் கொதார்பின்ஸ்கி. இருவரும் பிறந்தது 1886 மார்ச் மாதத்திலே. இருவருக்கும் ஆசிரியர் துவார்தோவ்ஸ்கி. இருவரும் டாக்டர் பட்டம் பெற்றது 1912-இல். இருவரும் வார்சாவில் பேராசிரியரானது 1919-இல்; லெஸ்னியெவ்ஸ்கி கணிதத் தத்துவத்துக்கு, கொதார்பின்ஸ்கி தத்துவத்துக்கு. இருவரும் நண்பர். நண்பர் மட்டுமன்று: ஒரே வயதினராயினும், லெஸ்னியெவ்ஸ்கியிடம் தாம் மாணவர் என்று கொதார்பின்ஸ்கி தம் பெருநூலிலே பணிவோடு ஒப்புக்கொண்டார். ஒரே கிணற்றிலே நீர் மொண்ட இருவர். ஆனால் ஊற்றிய இடம் வேறு.

லெஸ்னியெவ்ஸ்கியின் கண்டிப்பு பெயர்பெற்றது. ஒரு சொல் இரு பொருள் தருமானால் விடமாட்டார்; ஒரு குறி இடம் தவறினாலும் விடமாட்டார். அவரிடம் டாக்டர் பட்டம் பெற்ற மாணவர் ஒருவரே ஒருவர். ‘என் மாணவரில் நூற்றுக்கு நூறு பேரும் மேதைகள்’ என்று அவர் சொல்வதுண்டாம். அந்த ஒருவர்தான் ஆல்பிரட் தார்ஸ்கி.

தார்ஸ்கி யூதக் குடும்பத்துப் பிள்ளை. பிறந்தபோது குடும்பப் பெயர் வேறு. 1924-இல் டாக்டர் பட்டம் பெறுகிற சமயத்தில் தார்ஸ்கி என்று மாற்றிக்கொண்டார். கடவுளிடம் நம்பிக்கை இல்லாத அவர் கத்தோலிக்கராகவும் ஆனார்! பெயரையும் மதத்தையும் மாற்றிக்கொண்டால், கதவு திறக்கும் என்று எண்ணியிருப்பார். திறந்ததா? 1933-இல், உண்மை என்றால் என்ன என்பதைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் உலகத் தத்துவத்தின் போக்கையே திருப்பியது. ‘பனி வெண்மையானது’ என்ற வாக்கியம் எப்போது உண்மை? பனி வெண்மையாக இருக்குமானால்தான் உண்மை. கேட்டால், இதற்கா ஒரு நூல் என்று தோன்றும். இந்த எளிய முடிச்சை முரண்பாடு வராமல் அவிழ்க்க இரண்டாயிரம் ஆண்டு ஒருவராலும் இயலவில்லை. அத்தகைய மேதைக்கு வார்சாவிலே முழுப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளியிலே கணக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

1935-இல் லெஸ்னியெவ்ஸ்கி தம் பழைய ஆசிரியர் துவார்தோவ்ஸ்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். தார்ஸ்கியிடம் தமக்கு மனமார்ந்த வெறுப்பு உண்டு என்று அதிலே ஒளிக்காமல் சொல்கிறார். தார்ஸ்கிக்கு எருசலேமிலே ஒரு பேராசிரியர் பதவி கிடைத்தது என்று ஒருநாள் செய்தித்தாளிலே படித்தால் தமக்கு மிக்க மகிழ்ச்சி. அங்கிருந்து தம்முடைய மதிப்புமிக்க ஆராய்ச்சிகளை அவர் அனுப்பிவைக்கட்டும், நாங்கள் படித்துப் பயனடைகிறோம் என்கிறார்.

எருசலேம்! ஏன் பாரிஸ் இல்லை, ஏன் லண்டன் இல்லை? வார்சாவிலே பிறந்து, வார்சாவிலே படித்து, போலந்து மொழியிலே எழுதி, பெயரையும் மாற்றிக்கொண்ட ஒருவருக்கு அவருடைய ஆசிரியரே காட்டும் ஊர் எருசலேம். அந்த ஒரு சொல்லிலே ஒரு பெஞ்சு இருக்கிறது, தோழர்களே! 1937-இல் மரத்தால் செய்து போட்ட பெஞ்சு, 1935-இலேயே ஒரு தர்க்க மேதையின் மனத்திலே கிடந்தது.

நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். அதே கடிதத்திலே தார்ஸ்கியின் ஆராய்ச்சிகளை மதிப்புமிக்கவை என்றுதான் லெஸ்னியெவ்ஸ்கி குறிக்கிறார். பிடிக்காதவன் எழுதியதால் பிழை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல அவருடைய தர்க்கம் விடாது. தாம் வெறுப்பதையும் வெறுப்பு என்றே எழுதினார், வேறு பெயரிட்டு மறைக்கவில்லை. ஆகவே அவருடைய தெளிவு ஒரு வேலையைச் செய்துவிட்டது. பொய் சொல்லவிடாமல் தடுத்தது. அதற்குமேல் ஒரு வேலையை அது செய்யவில்லை. வெறுப்பை விரட்டவில்லை!

இதன் காரணம் தர்க்கத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ‘இம் மரபிற் பிறந்தோர் எல்லாரும் அயலார், இவர் இம் மரபிற் பிறந்தவர், ஆகவே இவர் அயலார்.’ இந்த வாதத்தின் வடிவத்தைத் தர்க்கத்தின் தராசிலே வைத்துப் பாருங்கள். குறை காண முடியாது. முதல் வரியை ஒப்புக்கொண்டவன் மூன்றாம் வரிக்கு வந்தே தீரவேண்டும். முதல் வரி மெய்தானா? அதைச் சொல்வது தர்க்கத்தின் வேலையன்று. பனி வெண்மையா என்று அறியப் பனியைத்தான் பார்க்கவேண்டும். மனிதன் அயலானா என்று அறிய மனிதனைப் பார்க்கவேண்டும். பார்க்க மறுக்கிறவனுக்கு எந்தத் தர்க்கம் கண் கொடுக்கும்?

கொதார்பின்ஸ்கி பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்பதிலேதான் சுவை இருக்கிறது. உலகத்தில் இருப்பவை பொருள்கள், உடலுள்ள உயிர்கள், மனிதர்கள். இவையன்றி வேறில்லை என்பது அவருடைய தத்துவம். நன்மை, அழகு, தேசியம், புனிதம் என்றெல்லாம் பெயர்ச்சொற்களை அடுக்குகிறோம். அவை பெயர்போலத் தோன்றுகின்றன. ஆனால் எந்தப் பொருளுக்கும் பெயரல்ல, போலிப் பெயர்கள். அவற்றை வைத்துப் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும், இன்ன மனிதர் இன்னது செய்தார் என்ற வாக்கியமாக மாற்றிச் சொல்ல முடியவேண்டும். முடியாவிட்டால் அது வெறும் ஓசை. 1929-இல் வெளிவந்த அவருடைய பெருநூலின் நடுநரம்பு இதுதான். இதற்கு அவர் அடித்தளமாகக் கொண்டது எது? லெஸ்னியெவ்ஸ்கியின் தர்க்கம்!

இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன். நீட்டியது நான், கொதார்பின்ஸ்கி அல்லர். ‘நம் இனத்தின் மானத்துக்கு இழுக்கு வந்துவிட்டது’ என்று ஒருவன் கொதிக்கிறான். கொதார்பின்ஸ்கியின் முறைப்படி கேளுங்கள்: இழுக்கு யாருக்கு? பெயரைச் சொல். என்ன நேர்ந்தது அந்த ஆளுக்கு? பக்கத்துப் பெஞ்சிலே ஒரு யூதப் பெண் உட்கார்ந்தாள், அவ்வளவுதானே! அவளுக்கோ எழுந்து நிற்க நேர்ந்தது, கால் வலித்தது, அவமானத்தால் தலை குனிய நேர்ந்தது. மானம் என்னும் போலிப் பெயரை எடுத்துவிட்டால், மிஞ்சுவது வலிக்கிற ஒரு காலும் குனிந்த ஒரு தலையும். லெஸ்னியெவ்ஸ்கி தீட்டிக் கொடுத்த கத்தி, அவர் நெஞ்சிலே கிடந்த முடிச்சை அறுக்கக்கூடியதுதான். அவர் அதை அங்கே வைத்து அறுக்கவில்லை. நண்பர் அறுத்தார்.

இருவரையும் பிரித்தது எது? தெளிவு அன்று, அது இருவரிடமும் இருந்தது. துணிவு என்று சொல்லத் தோன்றுகிறது. அதையும் பாதிதான் ஒப்புக்கொள்வேன். துணிவு வெறியனிடமும் உண்டு. யூத மாணவரைத் தாக்கிய கூட்டத்துக்குத் துணிவிலே குறைவில்லை. கொதார்பின்ஸ்கி தாமே ஒரு விடை வைத்திருந்தார். அவர் கடவுளை நம்பாதவர். மதத்தின் துணையின்றியே ஒழுக்கம் நிற்கும் என்றவர். கட்டளையிட்டார் கடவுள் என்பதாலும், காத்திருக்கிறது நரகம் என்பதாலும் நல்லவனாக இருப்பவன், அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் என்ன ஆவான்? மதிக்கத்தக்க செயல் எது, இகழத்தக்க செயல் எது என்பது மனச்சான்றுக்கே தெரியும்; கோழைத்தனத்தையும் கொடுமையையும் எவரும் தம் நெஞ்சறியப் போற்றுவதில்லை என்றார். அந்த ஒழுக்கத்தின் உருவமாக அவர் காட்டியது, நம்பிச் சாயத்தக்க காவலன். இன்னல் வந்தபோது எவன்மேல் மற்றவர் நம்பிக்கையோடு சாயலாமோ அவனே நல்லவன். இதற்கு வேதம் வேண்டாம், வேள்வி வேண்டாம். சாய்கிறவன் யார் என்று கேட்காமல் தோள் கொடுக்கவேண்டும், அவ்வளவே!

பெஞ்சு ஆணை வந்தபோது அந்தத் தோள் சோதனைக்கு வந்தது. கொதார்பின்ஸ்கி தம் வகுப்பிலே அந்தப் பிரிவினையை நடத்த மறுத்தார். 1937 டிசம்பரில் ஐம்பதுக்கு மேற்பட்ட பேராசிரியர் கண்டன அறிக்கையிலே கையெழுத்திட்டனர். அவர்களுள் அவரும் ஒருவர். லுவோவ் பல்கலைக்கழகத்துத் தலைவர் குல்சின்ஸ்கி, அந்த ஆணையிலே கையெழுத்திடுவதைவிடப் பதவியை விடுவது மேல் என்று 1938 ஜனவரியில் விலகினார். கையெழுத்திட்டவர் சிலரே, வாய்மூடியிருந்தவர் பலர். அந்தப் பலரிலும் தெளிவாக எழுதத் தெரிந்தவர் இருந்திருப்பர் அல்லவா?

பிறகு நடந்தது உலகறிந்தது. 1939 ஆகஸ்டிலே, அமெரிக்காவின் ஹார்வர்டில் நடக்கவிருந்த மாநாட்டுக்காகத் தார்ஸ்கி கப்பலேறினார். செப்டம்பர் முதல் நாள் போர் மூண்டது. அந்தப் பயணம் அவர் உயிரைக் காத்தது. தாய் தந்தையரும் தம்பியும் மாண்டனர், மனைவியையும் மக்களையும் 1946-இலேதான் மீண்டும் காண முடிந்தது. கொதார்பின்ஸ்கியின் மாணவி யானினா ஹோசியாசன், பட்டறிவிலிருந்து பொதுவிதிக்கு எப்படிச் செல்கிறோம் என்பதை ஆராய்ந்தவர். 1940-இல் அவருடைய கட்டுரை அமெரிக்கத் தர்க்கவியல் இதழிலே வந்தது. 1942-இல் வில்னாவிலே ஜெர்மானியர் அவரைக் கொன்றனர். அவர் கணவர் அடால்ப் லிண்டன்பவும், அவரும் தர்க்க அறிஞர், முந்திய ஆண்டே கொல்லப்பட்டார். கூட்டல் மட்டுமே கொண்ட எண்கணிதத்திலே எந்தக் கூற்றும் மெய்யா பொய்யா என்று முடிவு செய்ய வழியுண்டு என 1929-இல் நிறுவிய பிரெஸ்பர்கரும் தப்பவில்லை. இடப்பக்கத்துப் பெஞ்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று 1937-இல் கேட்டிருந்தால், பெஞ்சு போட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஜெர்மானியர் செய்ததற்கு அவர்கள் பொறுப்பல்லர்தான். ஆனால், மனிதரை வரிசை பிரித்து நிறுத்தும் பழக்கத்தை ஊர் முன்பே கற்றிருந்தது.

பல்கலைக்கழகத்தை ஜெர்மானியர் மூடினர். மூடிய பல்கலைக்கழகம் வீடுகளிலே நடந்தது. நான்கு பேர், ஆறு பேர் எனக் கூடிய மாணவருக்குக் கொதார்பின்ஸ்கி மறைவாகப் பாடம் சொன்னார். தத்துவ வரலாற்றாசிரியர் ததார்கியேவிச் சொன்னார். ஒழுக்கவியல் அறிஞர் மரியா ஒசோவ்ஸ்கா சொன்னார். பிடிபட்டால் சிறையோ சாவோ! அக்காலத்திலே ததார்கியேவிச் எழுதிக்கொண்டிருந்தது எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? இன்பத்தைப் பற்றி! 1944-இல் வார்சா எழுச்சி நசுக்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டபோது, அந்தக் கையெழுத்துப் படியைப் பறித்துச் சாக்கடையிலே எறிந்தான் ஒரு சிப்பாய். உயிரைப் பொருட்படுத்தாமல் குனிந்து எடுத்துக்கொண்டார் கிழவர். 1947-இல் நூலாக வந்தது. லெஸ்னியெவ்ஸ்கியின் வெளிவராத தாள்களுக்கு அந்தப் பேறில்லை. 1939 மேயிலே அவர் இறந்துவிட்டார், அவை அந்த எழுச்சியின் நெருப்பிலே சாம்பலாயின. வுகாசேவிச்சின் மாணவர் சலமூகா ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். கடவுள் உண்டு என்பதற்குத் தாமஸ் அக்குவினாஸ் தந்த வாதத்தைத் தர்க்கக் குறிகளிலே எழுதிப் பார்த்து, ஐயத்துக்கு இடமான இடங்களையும் மறைக்காமல் காட்டியவர். அவர் எழுச்சிக்காரரின் குருவாக இருந்து அதே 1944-இல் கொல்லப்பட்டார். நேர்மை எந்த அங்கிக்குள்ளும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்வதிலே நமக்கென்ன குறைவு?

போர் முடிந்தது, பொதுவுடைமை ஆட்சி வந்தது. இனி ஒதுக்கும் பெஞ்சுகள் இல்லை, அறிவே ஆளும் என்று நம்பிய இளைஞர் பலர். நம்பியதிலே தவறில்லை. ஆனால் 1950-இல், ததார்கியேவிச்சின் கருத்தரங்கிலே இருந்த கட்சி மாணவர் சிலர் சேர்ந்து அவருக்கு எதிராக ஒரு கடிதம் எழுதினர். சமதர்மத்துக்கு மாறான பேச்சை வகுப்பிலே அவர் பொறுத்துக்கொள்கிறார் என்பது குற்றச்சாட்டு. அந்த நாளிலே அவர் பாடம் சொல்லும் உரிமையை இழந்தார். சாக்கடையிலிருந்து கையெழுத்துப் படியை எடுத்தவருக்கு இந்தப் பரிசு! கையெழுத்திட்டவருள் லெஷக் கொவகோவ்ஸ்கி, புரோனிஸ்லாவ் பாச்கோ என்ற இரு இளைஞர் இருந்தனர். அடுத்த ஆண்டே கொதார்பின்ஸ்கியின் கருத்துகளைத் தாக்கிப் பாச்கோ கட்டுரை எழுதினார். இருவரும் மூடநம்பிக்கையின் ஆட்கள் அல்லர். கூரிய மூளையினர், மதத்தை எதிர்த்தவர், பகுத்தறிவின் பெயரால் பேசியவர்! நம்மைப் போன்றவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

அவர்களும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1966 அக்டோபரில், ஆட்சியின் வாக்குறுதிகள் என்னவாயின என்று மாணவர் கூட்டத்திலே கேட்டதற்காகக் கொவகோவ்ஸ்கியைக் கட்சி வெளியேற்றியது. 1968 மார்ச் 8-இல் வார்சாப் பல்கலைக்கழக வளாகத்திலே மாணவர் கிளர்ந்தனர், தடியடி நடந்தது. மார்ச் 25-இல் பேராசிரியர் அறுவர் பதவி நீக்கப்பட்டனர்: கொவகோவ்ஸ்கி, பாச்கோ, பவுமன், புருஸ், ஹிர்ஷோவிச், மொராவ்ஸ்கி. கூடவே யூதருக்கு எதிரான பிரசாரம், இம்முறை புதிய பெயரிட்டு, பொதுவுடைமையின் பெயராலேயே நடந்தது. அதன் விளைவாக ஏறத்தாழ 13,000 பேர் நாட்டைவிட்டுச் சென்றனர். முப்பது ஆண்டுக்குமுன் பெஞ்சு காட்டியவர்கள் வலசாரிகள். இப்போது நாட்டின் வாயிலையே காட்டியவர்கள் இடதுசாரிகள். முதல் வரி மாறவில்லை, ‘இவர்கள் எல்லாரும் அயலார்’ என்ற அந்த முதல் வரி!

கொதார்பின்ஸ்கியோ? போருக்குப் பின் லோட்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார்; 1957 முதல் 1962 வரை போலந்து அறிவியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். பதவியும் புகழும் வந்துவிட்டன; ஓய்ந்திருக்கலாம். 1964-இல், தணிக்கையின் பிடியைத் தளர்த்துமாறு அறிஞரும் எழுத்தாளருமாக 34 பேர் தலைமையமைச்சருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினர். எழுபத்தெட்டை எட்டவிருந்த கொதார்பின்ஸ்கியின் கையெழுத்தும் அதிலே இருக்கிறது. 1937-இன் கையெழுத்துக்கும் 1964-இன் கையெழுத்துக்கும் இடையிலே இரண்டு ஆட்சிகள் மாறின, ஒரு நகரம் எரிந்தது. கை மாறவில்லை. 1981-இல் மறைந்தார்.

1999-இல் வார்சாப் பல்கலைக்கழகம் புதிய நூலகம் ஒன்றைத் திறந்தது. உள்ளே உயர்ந்த தூண்களின்மேல் நான்கு தத்துவ அறிஞரின் சிலைகள்: துவார்தோவ்ஸ்கி, வுகாசேவிச், லெஸ்னியெவ்ஸ்கி, தார்ஸ்கி. எருசலேமுக்கு அனுப்ப விரும்பிய ஆசிரியரும் அனுப்பப்பட இருந்த மாணவரும் ஒரே வரிசையிலே நிற்கிறார்கள். கொதார்பின்ஸ்கிக்கு அங்கே தூண் இல்லை.